எங்க வீட்டுக்காரரோட நெஞ்சுத்துடிப்ப நான் கொறைச்ச கதை

போன வாரம் எங்க வீட்டுக்காரர மெடிக்கல் சர்டிபிகேட் எடுக்கப் பதுளைக்குக் கூட்டிட்டுப் போனேன்.

அவ்வளவுதான் வேலை. டொக்டர் பாப்பாங்க, ஒரு கையெழுத்துப் போடுவாங்க, நாங்க பஸ் ஏறி வந்துருவோம்.

அவர் பேரு அருள். ஹல்துமுல்லைக்கு மேல நாங்க இருக்கிற தேயிலைத் தோட்டத்துல கொழுந்து லொறி ஓட்டுறார். எல்லங்கிற ஊர்ல ஒரு ஹொட்டல்ல வெள்ளைக்காரங்கள ஏத்தி எறக்குற வேனுக்கு டிரைவர் தேடிக்கிட்டிருந்தாங்க. இவர் போய் ஓட்டிக் காட்டினார். அந்த மேனேஜருக்கு ரொம்பப் புடிச்சிருச்சு.

"மெடிக்கல் மட்டும் எடுத்துட்டு வாங்க. திங்கக்கெழமையே சேந்துரலாம்"னு சொல்லிட்டார்.

எங்களுக்குத் தரையில கால் நிக்கல. எத்தன வருசமா ஏங்கிக்கிட்டிருந்த வேலை!

மனுசனுக்கு ஒடம்புல ஒரு கொறையும் கிடையாது. லொறி டயர தனியா கழட்டித் தனியா மாட்டுவார். ஆனா ஒரே ஒரு விஷயம். அவங்க அப்பா, எங்க மாமா, கொழுந்து நிறுக்கிற மடுவத்துல நின்னு பேசிக்கிட்டிருக்கும்போதே நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்தவர்தான். எந்திரிக்கல. அதிலருந்து யாராச்சும் 'நெஞ்சு'ன்னு சொன்னாலே இவர் மூஞ்சி சுண்டிப் போயிரும். ஊசிக்குப் பயமில்ல. அட்டைக் கடிக்குப் பயமில்ல. டொக்டர் காதுல அந்தக் குழாய மாட்டினாப் போதும், கையெல்லாம் வேர்த்துரும்.

"நீ எதுக்கு? நானே போயிட்டு வாறேன்"னுதான் சொன்னார்.

"தனியாப் போனா பயந்துருவீங்க. நான் பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்"னேன்.

அவர் ஒன்னும் சொல்லல. கல்யாணம் ஆன நாள்லருந்து அவர் ஒன்னும் சொல்லலன்னா நான் அத 'சரி'ன்னு எடுத்துக்குவேன்.

நான் சும்மாவும் கெளம்பல. போன்ல வீடியோ பாத்துப் பாத்துப் பாதி டொக்டர் ஆயிட்டேன். நெஞ்சு எதுக்கு வேகமா அடிக்கும், எதுக்கு மெதுவா அடிக்கும், எல்லாம் அத்துப்படி.

ஒடம்புல தண்ணி கொறைஞ்சா நெஞ்சு வேகமா அடிக்குமாம். அதனால காலையில எந்திரிச்சதும் ஒரு பெரிய போத்தல் தண்ணி குடுத்தேன்.

"போதும் ஜெசி."

"குடிங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இன்னொரு போத்தலும் குடுத்தேன்.

கோப்பி குடிச்சாலும் வேகமா அடிக்குமாம். அதனால கோப்பி கட். பொறந்த கொழந்தைக்குப் பால் மாதிரி இவருக்குக் கோப்பி. அது இல்லாம கண்ண முழிக்க மாட்டார். அன்னிக்குக் கோப்பி மணம் இல்லாத அடுப்படிய எட்டிப் பாத்துட்டு, சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்னார்.

"தலை வலிக்குதே."

"அது மனசு. வாங்க போவோம்."

ரெண்டு நாளா மூக்கு வேற ஒழுகிக்கிட்டிருந்துச்சு. டொக்டர் முன்னால மூக்க உறிஞ்சினா நோயாளின்னு நெனச்சிருவாங்களேன்னு, கடையில மூக்கடைப்பு மாத்திர வாங்கி வெச்சிருந்தேன். அதையும் ஒன்னு குடுத்தேன். குளிர் புடிச்சிரக் கூடாதுன்னு தடிச்ச சுவெட்டரு. அதுக்கு மேல ஜெர்க்கின்.

இப்ப நெனச்சுப் பாத்தா, எதிரி வீட்டுக்காரன் செஞ்சாக் கூட இவ்வளவு பக்குவமா செஞ்சிருக்க மாட்டான்.

பஸ்ஸுல டிரைவருக்கு நேர் பின் சீட்டு கெடைச்சுச்சு. எனக்கு ஒரே சந்தோசம். அங்கதான் முதல் தப்பு. லொறி ஓட்டுற மனுசன இன்னொருத்தன் ஓட்டுறதுக்குப் பின்னால உக்கார வைக்கவே கூடாதுங்க! பெரகலை ஏத்தத்துல, வளைவுல வெச்சு, அந்த பஸ்காரர் ஒரு மணல் லொறிய முந்தினார் பாருங்க. இவர் இல்லாத பிரேக்க ரெண்டு காலாலயும் மிதிச்சார். முன் சீட்டுக் கம்பி ஆடிப் போச்சு.

"கியர மாத்துடா... மாத்துடா..."ன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு வாறார்.

நான் அவர் மணிக்கட்டப் புடிச்சு நாடி பாத்தேன். வீடியோவுல காட்டின மாதிரியே ரெண்டு விரல வெச்சு.

"ஐயோ, என்னங்க இப்படி ஓடுது!"

"என்ன ஓடுது?"

"உங்க நெஞ்சுதான். பயங்கரமா ஓடுது. பயப்படாதீங்க!"

அதுக்கப்புறம் இன்னும் ஓடுச்சு.

அப்புத்தளை தாண்டிச்சு. பண்டாரவளையும் தாண்டிச்சு. இவர் நெளிய ஆரம்பிச்சார். மொதல்ல இந்தப் பக்கம் சாஞ்சார். அப்புறம் அந்தப் பக்கம். அப்புறம் என் காதுகிட்ட வந்து, "ஜெசி, அவசரம்"ன்னார்.

"என்ன அவசரம்?"

"ரெண்டு போத்தல் அவசரம்."

"கொஞ்சம் பொறுங்க. இந்தா, பதுளை வந்துரும்."

"பதுளை வந்துரும்டி. அதுக்கு முன்னால வேற என்னமோ வந்துரும்!"

பின் சீட்டுல யாரோ சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது. ஹாலி எலயிலருந்து பதுளை வரைக்கும் அவர் என்னப் பாக்கவே இல்ல. பல்லக் கடிச்சிக்கிட்டு ஜன்னல் வழியா ஒரே எடத்தப் பாத்துக்கிட்டு வந்தார்.

பஸ் ஸ்டாண்டுல எறங்கினதும் ஒரு ஓட்டம் ஓடினார் பாருங்க! அங்கயும் வரிசை. அவர் வெளிய வாறதுக்குள்ள எங்களுக்குக் குடுத்த நேரம் தாண்டிருச்சு. கிளினிக் பஜாருக்குள்ள, ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில. படி செங்குத்தா ஏணி மாதிரி இருக்கு.

"ஓடுங்க! நம்பர் போயிரும்!"னு கீழ நின்னு கத்தினது யாருன்னு நெனக்கிறீங்க?

நானேதான்.

மேல ஒரு சின்ன நர்ஸ் மிஸ். சிரிச்ச மூஞ்சி. "உக்காருங்க அண்ணே"ன்னு விரல்ல ஒரு கிளிப்ப மாட்டுச்சு. அந்தக் கிளிப்புல சேப்பு எழுத்துல நம்பர் ஓடும். இவருக்கு மூச்சு வாங்குது. நெத்தியில வேர்வை கொட்டுது. ஜெர்க்கினுக்குள்ள மனுசன் அவிஞ்சு போய் உக்காந்திருக்கார்.

நூத்தி இருவத்தி நாலு.

மிஸ் சிரிப்ப நிறுத்திருச்சு. "சும்மா இருக்கும்போது நூறுக்குக் கீழ இருக்கணும் அண்ணே. படி ஏறி வந்ததால இருக்கும். அந்த பெஞ்சுல கொஞ்ச நேரம் அமைதியா உக்காருங்க. திரும்பப் பாப்போம்."

அமைதியா உக்காருங்கன்னு அவருக்குத்தான் சொன்னாங்க. எனக்கும் சேத்துச் சொல்லியிருக்கலாம்.

"இங்க பாருங்க, நான் சொல்ற மாதிரி செய்ங்க"ன்னேன். "மெதுவா மூச்ச இழுங்க. நான் சொல்றப்ப விடுங்க. அப்படிச் செஞ்சா துடிப்பு கொறையும். வீடியோவுல ஒரு பெரிய டொக்டரே சொன்னாரு."

"சரி."

"இழுங்க... இழுங்க... புடிங்க!"

புடிச்சார்.

அந்த நேரம் பாத்து பக்கத்துல இருந்த ஒரு அக்கா, "என்ன தங்கச்சி, அவருக்கு என்ன வருத்தம்?"னு கேட்டாங்க. ஹாலி எலயிலருந்து வந்தவங்களாம். முழங்கால் வலிக்குக் காட்ட வந்திருக்காங்க. கேட்டா பதில் சொல்லணும் இல்லயா? நான் சொன்னேன். எல்லயில வேலை கெடைச்சத சொன்னேன், ஹொட்டலப் பத்திச் சொன்னேன், மேனேஜர் எவ்வளவு நல்லவர்னு சொன்னேன். அவங்களும் அவங்க முழங்காலப் பத்திச் சொன்னாங்க. நல்ல பேச்சு.

திடீர்னு அந்த அக்கா என் தோளுக்கு மேல பாத்து, "ஐயோ தங்கச்சி, அவரு மூஞ்சி!"ன்னாங்க.

திரும்பிப் பாத்தா, மனுசன் பீட்ரூட் நெறத்துல உக்காந்திருக்கார். கண்ணு ரெண்டும் வெளிய வருது.

நான் 'விடுங்க'ன்னு சொல்லவே இல்ல!

"விடுங்க! விடுங்க!"

விட்டார். லொறி ஏர் பிரேக் விட்ட மாதிரி ஒரு சத்தம். வரிசையில இருந்த எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஒரு கைக்கொழந்தை அழ ஆரம்பிச்சிருச்சு.

"ஏங்க, நீங்களா விட வேண்டியதுதானே?"

"நீதானே... சொல்றப்ப... விடச் சொன்ன..."

சொன்னா சொன்னபடி கேக்கிற மனுசன். அதுதான் அவர்கிட்ட இருக்கிற கஷ்டம்.

அந்த அக்கா அவர ஒரு மாதிரி உத்துப் பாத்தாங்க. தலைய ஆட்டினாங்க. "எங்க மச்சானும் இப்படித்தான். பாக்கக் கல்லு மாதிரி இருப்பாரு. ஒரு நாள் காலையில நல்லாத்தான் எந்திரிச்சாரு. திடீர்னு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு..."

"ஐயோ, போதும் அக்கா!"ன்னு நான் அவங்க வாயப் பொத்தாத கொறையா நிறுத்தினேன். ஆனா இவர் காதுல 'நெஞ்சு' விழுந்துருச்சு. அந்த வார்த்த மட்டும் மனுசனுக்கு எத்தன சத்தத்துக்குள்ளயும் கேட்டுரும்.

மிஸ் திரும்ப வந்து கிளிப்ப மாட்டுச்சு.

நூத்தி முப்பது.

"அண்ணே, உக்காரச் சொன்னா நீங்க என்ன ஓடிக்கிட்டா இருந்தீங்க?"

மிஸ் உள்ள போய் டொக்டர்கிட்ட என்னமோ சொல்லுச்சு. டொக்டரே கூப்பிட்டாங்க. முக்காடு போட்ட, அமைதியான அம்மா. குரலும் மெதுவா இருந்துச்சு. "ஒன்னும் இல்ல. எதுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துருவோம்"னாங்க.

எங்க மாமா நெனப்பு வந்துருச்சு. கண்ணு தானா கலங்கிருச்சு. "மாதாவே, மாதாவே"ன்னு முணுமுணுத்தேன். மனசுக்குள்ளன்னுதான் நெனச்சேன். சத்தமா வந்திருக்கு.

கட்டில்ல படுத்துக்கிட்டு இவர் தலையத் தூக்கிப் பாத்தார். "ஏன் அழுவுற? டொக்டர் ஒன்கிட்ட தனியா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லங்க. ஒன்னுமே சொல்லல. சத்தியமா ஒன்னுமே இல்ல. நீங்க ஒன்னும் யோசிக்காதீங்க!"

எப்படிச் சொன்னேன்னா, கடைசி ஜெபத்துக்குப் பாதிரியாரக் கூப்பிட ஆள் அனுப்பியாச்சுன்னு அவர் நெனக்கிற மாதிரி சொன்னேன்.

டொக்டர் ஈசிஜி மெசின்லருந்து வந்த நீளத் தாளக் கிழிச்சு, மேல கீழ பாத்தாங்க.

"நெஞ்சுல ஒரு பிழையும் இல்ல. வேகமா அடிக்குது, அவ்வளவுதான். எதனால வேகமா அடிக்குதுன்னுதான் பாக்கணும். காலையில கோப்பி குடிச்சீங்களா?"

"இல்ல டொக்டர். குடுக்கல"ன்னார். ரொம்ப நாள் மறியல்ல அடைபட்டுக் கெடந்த கைதி மாதிரி ஒரு குரல்.

"எப்பவும் குடிக்கிறவரா?"

"ரெண்டு மூனு கப்பு குடிப்பாரு. நான்தான் நிறுத்தினேன்"னு நான் பெருமையா சொன்னேன்.

"திடீர்னு நிறுத்தினா தலை வலிக்கும். வலி இருந்தாலும் துடிப்பு கூடும். மருந்து மாத்திர ஏதாச்சும்?"

"மூக்கடைப்பு மாத்திர ஒன்னு"ன்னார் இவர்.

"அது துடிப்ப நல்லாக் கூட்டும். யாரு குடுத்தது?"

"நான்தான்."

"வர்ற வழியில ஏதாச்சும் கஷ்டப்பட்டாரா?"

இவர் தண்ணிப் போத்தல் கதைய சொன்னார். ஒன்னையும் விடல.

"ஒன்னுக்கு அடக்கிக்கிட்டு இருந்தாலும் கூடும். அவ்வளவு தண்ணி யாரு குடுத்தது?"

"நான்தான் டொக்டர்."

"கழட்டி வெச்சிருக்கிற இந்தச் சுவெட்டரும் ஜெர்க்கினும்? ஒடம்பு சூடானாலும் கூடும்."

நான் சுவர்ல இருந்த கண்ணு டெஸ்ட் எழுத்துகளப் படிச்சிக்கிட்டிருந்தேன்.

டொக்டர் பேனாவக் கீழ வெச்சாங்க. "சரி. இதத் திரும்பப் போடாம, கண்ண மூடிப் படுங்க. ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்ல. நீங்க வெளிய இருங்க"ன்னு என் பக்கம் திரும்பினாங்க.

"நான் இங்கயே ஒரு ஓரமா..."

"வெளிய இருங்க."

வெளிய வந்து உக்காந்தேன். அப்பத்தான் எனக்கு உண்மையா பயம் வந்துச்சு. ஈசிஜி நல்லா இருக்குன்னு சொன்னாங்கதான். ஆனா மாமாவும் நல்லாத்தானே இருந்தாரு? வேலை போனா போகட்டும். லொறியே ஓட்டட்டும். பொழுது சாய வீட்டுக்கு வந்து, கோப்பிய ஆத்தி ஆத்திக் குடிச்சிக்கிட்டு, என் பேச்சக் கேட்டும் கேக்காத மாதிரி உக்காந்திருக்கட்டும். அது போதும். பேக்குல கைய விட்டா அவர் தொப்பி இருந்துச்சு. அத மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஹாலி எல அக்கா ஒரு இனிப்பு டொபி நீட்டினாங்க. "பயப்படாதீங்க தங்கச்சி. எங்க மச்சான் இப்பவும் நல்லாத்தான் இருக்காரு. நேத்துகூட ரெண்டு பிளேட்டு புரியாணி தின்னாரு."

"என்னது? நெஞ்சப் புடிச்சிக்கிட்டுன்னு சொன்னீங்களே!"

"ஆமா. வாயுப் புடிப்பு. பெருங்காயம் குடுத்ததும் சரியாப் போச்சு. நீங்க எங்க முடிக்க விட்டீங்க?"

எனக்கு அந்த அக்காவக் கட்டிப் புடிக்கிறதா, சண்ட புடிக்கிறதான்னு தெரியல.

ரொம்ப நேரம் கழிச்சு உள்ளருந்து மிஸ்ஸோட குரல் கேட்டுச்சு. "எம்பத்தி ரெண்டு டொக்டர்!"

அவ்வளவுதான்! கதவத் தள்ளிக்கிட்டு உள்ள ஓடினேன். "கொறைஞ்சிருச்சா! நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!"

இவர் கண்ணத் தெறந்தார்.

"தொண்ணூத்தி அஞ்சு"ன்னுச்சு மிஸ். "நூறு. டொக்டர், நூத்தி நாலு!"

டொக்டர் கதவக் கை காட்டினாங்க. நான் வெளிய வந்தேன். கொஞ்ச நேரம் கதவுல காத வெச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம், "எம்பத்தஞ்சு."

மிஸ் கதவத் தெறந்து எட்டிப் பாத்துச்சு. அந்தச் சிரிச்ச மூஞ்சி திரும்ப வந்துருச்சு. "அக்கா, ஒரு தடவ சும்மா உள்ள வாங்களேன்."

போனேன்.

"தொண்ணூத்தி எட்டு. வெளிய போங்க அக்கா."

வந்தேன்.

"எம்பத்தி ஏழு. திரும்ப வாங்க!"

நான் என்ன லைட் சுவிட்சா? வரிசையில இருந்தவங்க எல்லாம் முழங்கால் வலி, முதுகு வலிய மறந்து எங்களத்தான் பாக்கிறாங்க. அந்தக் கைக்கொழந்தைகூட அழுகைய நிறுத்திட்டுப் பாக்குது.

கடைசியா என்ன உள்ள நிக்க வெச்சே டொக்டர் அவர்கிட்ட கேட்டாங்க. "ஏன் உங்க மனைவியப் பாத்ததும் கூடுது? வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையா?"

இவர் என்னப் பாத்தார். என் கையில அவரோட தொப்பி இருந்தத பாத்தார். என் கண்ணும் செவந்திருந்துச்சு. கொஞ்சம் எளகிட்டார்.

"சேச்சே, பிரச்சினையெல்லாம் இல்ல டொக்டர். பாசந்தான். அவளப் பாத்தா எனக்கு எப்பவுமே சந்தோசம்."

அவர் அத சொல்லி முடிக்கிறதுக்குள்ள, விரல்ல இருந்த நம்பர் நூத்திப் பதினாறுக்குப் போயிருச்சு.

மிஸ் அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு. தோள் ரெண்டும் குலுங்குது.

எனக்கு ரோசம் வந்துருச்சு. "என்னப் பத்தி மட்டும் பேசுறீங்களே, என் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்னு யாராச்சும் கேட்டீங்களா? காலையிலருந்து நான் எவ்வளவு பயந்திருப்பேன்! என் விரல்லயும் மாட்டிப் பாருங்க!"

மாட்டினாங்க.

அறுவத்தி எட்டு.

மிஸ் கிளிப்பத் தட்டிப் பாத்துட்டுத் திரும்ப மாட்டுச்சு. அறுவத்தி ஏழு.

"உங்களுக்கு ஒரு கொறையும் இல்ல அக்கா. இருந்ததெல்லாம் அண்ணனுக்குக் குடுத்துட்டீங்க."

கட்டில்ல இருந்து ஒரு சிரிப்புச் சத்தம். இவர்தான். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கிறார். காலையிலருந்து இப்பத்தான் அந்த மூஞ்சியில ரத்தம் ஒழுங்கா ஓடுது. நானும் ரோசத்த வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது? சிரிச்சிட்டேன்.

என்ன வெளிய அனுப்பிட்டு, இன்னொரு தடவ பாத்துட்டு, டொக்டர் கையெழுத்துப் போட்டாங்க. மனுசன் வேன் ஓட்டத் தகுதியானவர்! அவர் வெளிய வந்து கைய நீட்டினார். நான் தொப்பியக் குடுத்தேன். "பயந்துட்டியா?"ன்னு மெதுவாக் கேட்டார். "ஆமாங்க"ன்னேன். அவர் தொப்பிய மாட்டிக்கிட்டார்.

டொக்டர் கதவு வரைக்கும் வந்து புத்தி சொன்னாங்க. கோப்பிய கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணுமாம். மூக்கடைப்பு மாத்திரயக் கேக்காம போடக் கூடாதாம். சோத்துல உப்பும் எண்ணெயும் கொறைக்கணுமாம். தெனமும் நடந்தா, நல்லாத் தூங்கினா, துடிப்பு தானா சீரா நிக்குமாம்.

எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, பொறுப்பான பொண்டாட்டியா நான் கேட்டேன். "அவர் கொறைக்க வேண்டியது வேற ஏதாச்சும் இருக்கா டொக்டர்?"

அவங்க என்ன மேலருந்து கீழ வரைக்கும் ஒரு தடவ பாத்தாங்க.

"கொறைக்க முடிஞ்சத மட்டும்தான் சொல்லியிருக்கேன்"னாங்க.